சக்கரத்துச் சேறு

எங்கள் சந்தில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தால் வீண். துறைமுகத்துக் கரித்தூள் காற்றில் வந்து எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் தொட்டால் விரல் கறுக்கும். துடைக்காமல் விட்டாலோ கடல் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் மெழுகுதான். ராயபுரத்துக்கு வந்த புதிதில் அம்மா கண்டுபிடித்த வழி அது.

சந்து முனையில் சின்னக் குகை மாதிரி கட்டிய ஒரு மாதா கெபி இருந்தது. எரிந்து முடிந்து தட்டில் ஒட்டிக்கிடக்கும் மெழுகுத் துண்டுகளைச் சுரண்டி எடுத்து வருவேன். யாரோ வேண்டிக்கொண்டு ஏற்றியதை எடுக்கலாமா என்று எனக்குப் பயம்.

"மாதா கோச்சிக்க மாட்டாங்க. அவுங்களுக்குத் தெரியும்," என்றாள் அம்மா.

மாதாவுக்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதிகம் கேட்கிற வழக்கம் இல்லை.

சைக்கிள் அப்பாவுடையது. கறுப்பு, பெரிய வண்டி. எண்ணூரில் இருந்தபோது அதில்தான் வெல்டிங் வேலைக்குப் போவார். காலையில் என்னை முன் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். பிறகு காண்ட்ராக்ட் வேலை என்று வெளியூர் போய்ப் போய் வந்தார். ஒரு தடவை போனவர் போனவர்தான். வாடகை கட்ட முடியாமல் நாங்கள் அந்த வீட்டை விட்டுக் கிளம்பினோம். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. பாத்திர மூட்டையை கேரியரில் கட்டி, எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் கடலோரச் சாலையில் தள்ளிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அம்மா இறால் உரிக்கப் போனாள். விரல் முழுக்க இறால் ஓடு கிழித்த கீறல். கெரசின் பட்டால் எரியும். அதனால் வண்டி துடைப்பது என் வேலை ஆயிற்று. நான் நாலாவது படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆரம்பிப்பேன். முதலில் ஈரத்துணி. அப்புறம் கெரசின் துணியால் செயின் கவர், மட்கார்டு, ரிம். ஸ்போக்ஸ் ஒவ்வொன்றுக்கும் துணியை விரலில் சுற்றி இழுக்க வேண்டும். வெயிலில் நிறுத்தி, பிரேம் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தபின் மெழுகைத் தேய்க்க வேண்டும். ஆறின இரும்பில் தேய்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும். கடைசியில் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்புக்குள் என் முகம் தெரியும். நீளமாக, வேறு யாரோ மாதிரி.

பாரில் நான் உட்கார்ந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் போயிருந்தது. துரு முதலில் அங்கேதான் வரும். அங்கே இரண்டு தரம் மெழுகு போடுவேன்.

துடைக்கிற துணி அப்பாவின் லுங்கி. நீலக் கட்டம் போட்டது. அதைக் கிழித்தபோது, "அப்பா வந்தா எத்த கட்டுவாரு?" என்று கேட்டேன்.

"புச்சு வாங்கிக்கலாம்," என்றாள்.

எல்லாம் முடிந்ததும் அம்மா வந்து பார்ப்பாள். நல்லா இருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வண்டியை அடிபம்பு பக்கம் தள்ளிக்கொண்டு போவாள். அங்கே எப்போதும் சேறு. இரண்டு சக்கரத்தையும் அதில் ஒரு உருட்டு உருட்டி, திருப்பிக்கொண்டு வந்து கதவுக்குப் பக்கத்தில் வாசலில் சாய்த்து வைப்பாள். எனக்கு அழுகை வரும். மேலே மெழுகு, கீழே சேறு. அம்மாவுக்குக் கொஞ்சம் கோணல் புத்தி என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேசக் கூடாது. அது உண்மைதானே என்று எனக்கும் தோன்றியது. பேச ஆள் இருந்தால்தானே மேலே பேச. பள்ளி விட்டு வந்தால் அம்மா வரும்வரை நானும் வண்டியும்தான். மாடியில்லாத வீடு, ஒரே அறை. வாசற்படியில் உட்கார்ந்து பெடலைக் கையால் பின்பக்கம் சுற்றுவேன். செயின் கறகறவென்று போகும். அதுவே ஒரு பேச்சு மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கியது. வீட்டுக்கு வீடு ஸ்டார் கட்டிவிட்டார்கள். எண்ணூரில் இருந்தபோது அப்பா எந்த ஊரில் வேலை இருந்தாலும் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார். இந்த வருஷமும் வருவார் என்று நானாகவே முடிவு செய்தேன். அவர் வருகிறபோது வண்டி அந்தச் சேற்றுக் காலோடு நிற்கக் கூடாது.

அரைப் பரீட்சை லீவில் ஒரு மத்தியானம் அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம் டயர் இரண்டையும் சோப்பு போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். கழுவக் கழுவ டயரில் புது ரப்பர் மாதிரி வரி வரியாகத் தெரிந்தது. பிரேமுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு மாமா வந்து நின்றார். மணலிக்கு டேங்கர் ஓட்டுகிறவர். தனி ஆள்.

"இன்னா பாப்பா, டயருக்கெல்லாம் பல்லு வெளக்கி வுட்டுகீற?"

சிரித்துவிட்டேன். அந்தச் சந்தில் என்னிடம் வேடிக்கையாகப் பேசின முதல் ஆள் அவர்.

"நைனா இத்த எடுத்துகினு போறதே இல்லியா? நானும் பாத்துகினே கீறேன், ஆளக் கண்ல காணோம்."

"அப்பா கிறிஸ்துமஸுக்கு வராரு."

"அப்ப நைட்டு ஷிப்டுன்னு உங்கம்மா சொல்லிச்சே?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் குனிந்து முன் டயரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். காற்று இல்லாமல் உள்ளே போயிற்று.

"செரி செரி. மெழுகு நல்லா போடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தாள். சந்துக்குள் நுழையும்போதே டயரைப் பார்த்துவிட்டாள்.

"யாரு கழுவச் சொன்னா?"

"அப்பா வராருல்ல."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"எதிர் வூட்டு மாமா பாத்தாரு."

"இன்னா கேட்டான்?"

சொன்னேன். அடிப்பாள் என்று கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்கு வண்டியைச் சேற்றுக்குக் கொண்டுபோகவில்லை. மறந்துவிட்டாள், நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

சோறு கொதிக்கிற நேரம் கரண்ட் போயிற்று. சந்து முழுக்க ஸ்டார் எல்லாம் அணைந்தன. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள். அம்மா கதவைப் பாதி திறந்து, ஒரு காலைக் கதவுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நின்றாள். நான் அவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். எதிர் வீட்டு மாமா.

"மெழுகுவத்தி எதுனா கீதாக்கா?"

"இல்ல."

"பாப்பா கைல பாத்தேனே."

அம்மா கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். அவர் போகவில்லை.

"பொண்ண வச்சிகினு ஒண்டியா கீற. எதுனா ஒதவின்னா ஒரு கொரல் குடு. இன்னாத்துக்குப் பேஜாரு?" பேசிக்கொண்டே ஒரு காலைப் படியில் வைத்தார்.

அம்மா தலையை உள்பக்கம் திருப்பினாள். எண்ணூரில் அப்பாவை எழுப்புகிறபோது அவளுக்கு இருந்த குரல் அப்போது வந்தது.

"இன்னாங்க, எழுந்திருங்க. எதிர் வூட்டுக்காரரு வந்துகீறாரு." பிறகு அவரிடம், "மத்தியானந்தான் ஊர்லேர்ந்து வந்தாரு. அலுப்புல தூங்கிகினு கீறாரு," என்றாள்.

மத்தியானம் முழுக்க நான் வாசலில்தான் இருந்தேன். என்னைத் தாண்டி அப்பா எப்படி உள்ளே போனார் என்று எனக்கு யோசனை போகவில்லை. "அப்பா" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

கட்டில் இருந்த மூலைக்கு அடுப்பு வெளிச்சம் எட்டவில்லை, இருட்டு. கட்டில் மேல் கையை ஓட்டினேன். கால் மாட்டில், தலை மாட்டில். "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே தடவினேன். கைக்குப் பட்டது துடைக்கிற துணிதான். கெரசின் வாசம்.

வெளியே மாமாவின் குரல் மாறியிருந்தது. "அப்டியா, தெரியாதுக்கா. தூங்கட்டும். காலைல பாத்துக்குறேன்." செருப்பு சத்தம் எதிர்ப்பக்கம் போயிற்று. அம்மா தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அப்பா எங்கம்மா?"

அவள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. எழுந்திருக்கவில்லை. "நல்லா கூப்ட," என்றாள்.

அத்தனை ஞாயிறு வண்டி துடைத்து வாங்க முடியாத ஒரு 'நல்லா' அன்றைக்குக் கிடைத்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

காலையில் நான் எழுந்தபோது டயரில் சேறு இருந்தது. அம்மா காற்றும் அடித்திருந்தாள். அப்பா மறுபடி அவசரமாக வேலைக்குப் போய்விட்டார் என்றாள். எழுப்பியிருக்கலாமே என்று அழுதேன். எதிர் வீட்டு மாமா அதற்கப்புறம் எங்கள் படிப் பக்கம் வரவில்லை. அம்மாவைப் பார்த்தால், "அண்ணன் சௌக்கியமாக்கா?" என்பார். அந்தச் சந்தை நாங்கள் காலி செய்யும் வரை அப்பா அங்கே நன்றாகத்தான் இருந்தார். நைட் ஷிப்ட் போனார், பகலில் தூங்கினார், எல்லோரும் அவரை விசாரித்தார்கள். நான் ஒருத்திதான் அவரைப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு பழைய துணி நைந்துபோயிருந்தது. அம்மா பெட்டியைத் திறந்து அப்பாவின் இன்னொரு லுங்கியை எடுத்தாள். மடிப்புக் கலையாதது. கடைசியாக இருந்ததும் அதுதான். ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரே இழுப்பில் நடுவே கிழித்தாள்.

வண்டிக்கு இவ்வளவு பார்க்கிறவள், அதை ஓட்ட வருகிறவருக்குக் கட்டிக்கொள்ள ஒன்றுகூட வைக்கவில்லையே என்று பட்டது. அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

"அப்பா வந்தா எத்த கட்டுவாரு?"

புதுசு வாங்கலாம் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. கிழித்த பாதியை என்னிடம் நீட்டினாள்.

"தொடை. வெயில் போவுது."

பாரைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கிற சூடு இருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன்.