நடு நிரல்

என் குளியலறைத் தட்டில் ஒரு முகச்சவர பிரஷ் கிடக்கிறது. மரப்பிடி வெடித்து, மயிர் பாதி உதிர்ந்துவிட்டது. அதை நான் முகத்தில் வைத்துப் பல வருடங்களாகின்றன. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில், மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால், சாணவாயுக் குழாயின் பொருத்தில் நுரை பூச அது ஒருநாள் போனது. அன்றோடு அதற்கு வேறு உத்தியோகம். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது பெறவில்லை.

அதை என்னிடமிருந்து வாங்கியவர் எங்கள் மிருக வைத்தியர், ஒரு பெண்மணி. பூனாகலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, பதுளைக்கே உத்தியோகமாகத் திரும்பி வந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போக மறந்தவன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், காலநிலைத் திட்டம் என்ற பெயரில் எங்கள் பகுதிக்கு ஒரு குழு அமைத்தார்கள். நான் அதன் செயலாளன். கொழும்புக்கு ஒரேயொரு முன்மொழிவை அனுப்பலாம். எங்களிடம் இரண்டு இருந்தன. கைவிட்ட தேயிலை மலையில் மரம் நடுவது காட்டு இலாகா அதிகாரியின் திட்டம். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் மாடு வளர்ப்பவர்களுக்கு மூடிய சாணக்குழியும் வாயு அடுப்பும் அமைத்துக் கொடுப்பது வைத்தியரின் திட்டம். அவர் பரீட்சார்த்தமாக ஒரு குழியைக் கட்டி முடித்திருந்தார். கொழுந்து பறித்து முடித்த கையோடு விறகுக்கு மலையேறும் மற்ற லயத்துப் பெண்களுக்கும் அடுப்பு வரும் என்று வாக்குக் கொடுத்துமிருந்தார். முன்மொழிவு தோற்றால் அந்த வாக்கும் போகும்.

மரம் உறிஞ்சுவது காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயு. சாணத்திலிருந்து கிளம்புவது மெதேன்; மூடிய குழி அதைப் பிடித்து அடுப்பில் எரித்துவிடும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சுற்றுநிருபத்தோடு ஓர் அட்டவணை வந்தது. ஒரு கிலோ மெதேன், ஒரு கிலோ காபனீரொட்சைட்டைவிட எத்தனை மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதற்கு அதில் மூன்று நிரல்கள். இருபது வருடத்துக்குப் பார்த்தால் அறுபது மடங்குக்குக் கிட்ட. நூறு வருடத்துக்குப் பார்த்தால் இருபத்துச் சொச்சம். ஐந்நூறு வருடத்துக்கு அதைவிடவும் குறைவு. மெதேன் கோபக்கார விருந்தாளி. பத்துப் பன்னிரண்டு வருடம் கொதித்துவிட்டுப் பெரும்பாலும் போய்விடும். மற்றது வந்தால் போகாத உறவினர். எனவே எவ்வளவு தூரம் பார்க்கிறோமோ அதற்கேற்ப மெதேனின் மடங்கு சுருங்கும். இருபது வருட நிரலில் சாணக்குழி வென்றது. நூறு வருட நிரலில் மரம் வென்றது.

எந்த நிரலை எடுப்பதென்று சுற்றுநிருபம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் அரசாங்கக் கந்தோர் வழக்கம்தான் சட்டம். மூன்று கொடுத்தால் நடுவிலுள்ளதை எடுப்பது எங்கள் வழக்கம். முதலாவதை எடுத்தவன் அவசரக்காரன், கடைசியை எடுத்தவன் சோம்பேறி. நடுவை எடுத்தவனிடம் எந்தக் கணக்காய்வாளரும் விளக்கம் கேட்டதில்லை. இதை வைத்தியரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

“அப்ப நூறு வருசத்துக்கு யாரும் காரணம் சொல்லல. அது நடுவுல ஒக்காந்திருக்கு, அவ்வளவுதான். அப்படித்தானுங்களே சேர்?”

உலக மாநாடுகளிலும் நூறு வருடக் கணக்கே வழக்கமாகியிருந்ததைப் பின்னாளில் வாசித்தேன். அங்கே சொல்லப்பட்ட காரணம் எங்கள் கந்தோர்க் காரணத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

நடு நிரலை விடுவதானால் குழியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் குழுத் தலைவர். போனோம். இரவு தோட்டத்து விருந்தினர் பங்களாவில் தங்கி, காலையில் பைகளை வேனில் போட்டுக்கொண்டு லயத்துக்கு இறங்கினோம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாங்கள் நிரல்களைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, குழியுள்ள வீட்டுக்காரப் பெண் வைத்தியரிடம் கேட்டாள்: “ஏங்கம்மா, கேஸு மாட்டுலருந்து வருதா, இல்ல இந்த ஐயாமாரு பேசுறதுலருந்து வருதா?” தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீலச் சுவாலையில் கொதித்த பிளேன்டீ எல்லோர் கைக்கும் வந்தது. புகை மணக்காத தேநீர். தலைவரின் முகம் இளகியது. முதல் நிரலை எடுத்தால் என்ன என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் வைத்தியர் குழிப் பக்கம் போனார். காலையில் விம்மி நின்ற வாயுப் பை, ஓர் அடுப்பு எரிந்ததற்கு மேலாகத் தொய்ந்திருந்தது. திரும்பி வந்து, வேனில் என் சவர பிரஷ் இருக்கிறதா என்று கேட்டார். எதற்கென்று எனக்கு விளங்கிவிட்டது.

“டொக்டர், இப்ப வேண்டாம். இவையள் போகட்டும், நாளைக்குப் பாப்பம்” என்றேன் மெல்ல.

“சேர், வெளிய போற கேஸுக்கும் அதே அறுபதுதான். சாணிக்கு ஒரு நெரலு, என் ஓட்டைக்கு ஒரு நெரலுன்னு வைக்க முடியாதுங்களே.”

எல்லோர் முன்னாலும் சவர்க்காரத்தை நுரைத்துப் பொருத்தில் பூசினார். குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பருத்து வெடித்தன. திறந்த குவியலைவிட மூடிய குழியில் மெதேன் அதிகம் பிறக்கும்; அது ஒழுகுமானால் குழி கட்டாமலே இருக்கலாம் என்று அவரே தலைவருக்கு விளக்கினார். காட்டு இலாகா அதிகாரி, தன் மரங்களில் குழாய்ப் பொருத்து ஏதும் இல்லை என்றார். பிறகு வைத்தியர் ரப்பர்த் துண்டொன்றை வைத்துக் கம்பியால் இறுக்கி, மறுபடி நுரை பூசினார். குமிழி வரவில்லை.

“இன்னக்கி அடைச்சா இன்னக்கே நிக்குதுங்க. மரம் வேணாம்னு நான் சொல்லல.”

ஆனால் தலைவரின் கண்ணில் நின்றது முதல் நுரைதான். அடுத்த கூட்டத்தில் மரம் தெரிவானது, நடு நிரலின்படி, விவாதமின்றி. இருபது வருட நிரலின் கணக்கையும் நடைமுறையில் எனக்குத் தெரிந்த ஒரு வழியில் இணைப்பாகச் சேர்த்தேன். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. மற்ற லயங்களுக்கு அடுப்பு வரவில்லை. வாக்குக் கொடுத்த வாசல்களுக்கு வைத்தியர் தாமே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். அன்று மறைத்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, மறைத்து அனுமதி வாங்கியிருந்தால் ஒழுகும் குழிகளைத்தான் வாசலுக்கு வாசல் கட்டியிருப்பேன் என்றார். அப்போதுதான் பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றித் திருப்பித் தந்தார். “நல்லா கழுவிட்டேங்க சேர். ஆனா மூஞ்சிக்குப் போட்டுறாதீங்க.”

இப்போது நான் பதுளையில் ஓய்வூதியக்காரன். வீட்டில் புது காஸ் சிலிண்டர் மாட்டும்போதெல்லாம் அந்த பிரஷ்ஷை எடுத்துப் பொருத்தில் நுரை பூசுகிறேன். மனைவி இதற்கு டொக்டரம்மா பூசை என்று பெயர் வைத்திருக்கிறாள். எந்தக் கணக்கையும் வாழ்நாள் முழுவதும் நடுவிலிருந்தே எடுத்துப் பழகியவன் நான். இந்த வயதில் அட்டவணையின் முதல் நிரலான இருபது வருடமே எனக்கு நீளம். நேற்றும் ஒரு குமிழி பருத்தது. திருகியை எடுத்து இறுக்கிவிட்டு, மறுபடி பூசிப் பார்த்தேன். நின்றுவிட்டது.