கடைசி மூன்று எழுத்து

ஏழுமலை அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தேசிங்கு வந்திருந்தார். மாரிமுத்து வந்திருந்தார், காதில் கருவியோடு. பழைய தோட்டப் பிரிவு ஆட்களில் பத்துப் பன்னிரண்டு பேர் செங்கல்பட்டு மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை பல் பாக்கி என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். நைனா மட்டும் வரவில்லை. என் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இந்த வயதில் அவருக்கு ஏதோ ஒரு அடுக்குமாடியில் காவல் வேலை. அன்றைக்கு மாற்றாள் கிடைக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவனை மணப்பெண்ணின் தம்பி பென் டிரைவோடு பிடித்துக்கொண்டான். "அண்ணா, என் பயோடேட்டா கீது. கொஞ்சம் பாத்து சொல்லேன்." அவன் அதை ஏதோ இலவச மென்பொருளில் அடித்திருந்தான். என் லேப்டாப்பில் இருப்பது வேறு. இருந்தும் சொடுக்கியதும் திறந்துகொண்டது. கட்டங்கள், தமிழ் எழுத்து, அவன் தாத்தா பெயர், எல்லாம் வைத்தது வைத்தபடி.

"இன்னாண்ணா, தப்பா கீதா? அப்பிடியே பாத்துகினு கீற?"

தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ளாப்பி டப்பாவைப் புதிதாகப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? மழைக்கோட்டும் மருந்துக்கடையும் கலந்த மாதிரி. எனக்கு அந்த வாசனை என்றால் தொண்ணூறுகளின் கடைசி, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி. கம்ப்யூட்டர் சென்டர். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும். ஏ.சி. குளிரில் எனக்குப் பல் கிட்டிக்கும். அதையும் படிப்பின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மதிய இடைவேளையில் மற்ற பையன்கள் கும்பலாக டீக்கடைக்குப் போவார்கள். நான் மெஷினுக்கு உறை போட்டு, உறையைத் தட்டி நீவிவிட்டு, தனியாக உட்கார்ந்திருப்பேன். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சென்டரில் என்னோடு பேச அவர்களுக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் சென்டரைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை.

நைனாவும் இன்னும் நாற்பத்திரண்டு பேரும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையின் தோட்டப் பிரிவில் தினக்கூலிக்குப் புல் வெட்டினார்கள், சாக்கடை எடுத்தார்கள். பெயர் வேண்டாம், இன்று அந்தத் தொழிற்சாலையே இல்லை. தினக்கூலிகளை நிரந்தரமாக்கப் போவதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நாள் சேதி வந்தது. ஒவ்வொரு பிரிவும் ஆட்களின் பெயரையும் சேர்ந்த வருடத்தையும் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஃப்ளாப்பியில் தர வேண்டும். பட்டியல் வராத பிரிவுக்கு இந்த முறை கிடையாது. எங்கள் மேஸ்திரிக்குக் கையெழுத்தே தகராறு. "எம் புள்ள கம்பூட்டர்ல அட்ச்சிக் குட்த்துருவான்" என்று நைனா சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் எங்கள் வாசலில் கூடினார்கள். நான் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

"எந்த வருசம் சேந்தீங்க?" என்றேன் தேசிங்கிடம்.

"பெரியவளுக்குக் காது குத்தினேனே, அப்ப."

"காது எப்பக் குத்தினீங்க?"

"இன்னாடா கேள்வி இது? வேலைல சேந்தப்பதான்!"

ஞாயிற்றுக்கிழமை சென்டரில் தனியாக உட்கார்ந்து நாற்பத்து மூன்று பெயரையும் தமிழில் அடித்தேன். பிறகுதான் உறைத்தது: எங்கள் சென்டரில் இருந்தது ஒரு பழைய வேர்ட் ப்ராசஸர், தொழிற்சாலை கேட்டது இன்னொன்று. அந்த ஃபைலுக்கும் இந்த ஃபைலுக்கும் பெயரின் கடைசி மூன்று எழுத்துதான் வித்தியாசம் என்று பாடத்தில் படித்திருந்தேன். மாற்றிவிட்டேன். சிரிக்காதீர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று வாத்தியார், "இதெல்லாம் ஒரு பேரா?" என்று என் பெயரை அடித்துவிட்டு வேறு எழுதினார். மறுநாளிலிருந்து நான் அந்தப் பெயர்க்காரன். பழைய பெயரில் கூப்பிட்டால் நைனாவே நாக்கைக் கடித்துக்கொள்வார். பெயரை மாற்றினால் ஆளே மாறிவிடும் என்பதற்கு நானே சாட்சி. ஃபைல் எம்மாத்திரம்?

திங்கட்கிழமை பத்தரை மணி. தொழிற்சாலை அலுவலகத்தில் ஸ்டெனோ மேடம் ஃப்ளாப்பியைச் செருகினார். திரை முழுக்கக் கட்டம், கொக்கி, பூச்சி மாதிரி கிறுக்கல். பெயர் ஒன்றுகூட இல்லை. நடுவில் அங்கங்கே வருடங்கள் மட்டும் நின்றன: 1984, 1986, மறுபடி 1984.

"எங்கிட்ட இருக்கறதுல இது படிக்காதுப்பா. பேப்பர்ல எதுனா வச்சிருக்கியா? குடு, நானே அடிச்சிக்கறேன்."

அந்தக் காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. வியர்வையில் நனைந்து, யாரோ தின்ற போண்டாவின் எண்ணெய்க்கறையோடு, என் கோணல் கையெழுத்தில். மேடத்தின் மேஜை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"இல்ல மேடம். சரி பண்ணிக் கொண்டாந்துடறேன்" என்றேன்.

கேட்டில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். "இன்னாப்பா, குட்த்துட்டியா?" என்றார் ஏழுமலை. "குட்த்துட்டேண்ணா" என்றேன். சைக்கிளை மிதித்துச் சென்டருக்குப் போனால் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள், சாயங்காலம் வரை. இருட்டு மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் காகிதம் பையில்தான் இருந்தது. பன்னிரண்டு அடித்தது.

மறுநாள் அச்சடித்துக் கொண்டுபோனபோது மற்ற பிரிவுகளின் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. தோட்டத்தை ஒப்பந்தக்காரருக்கு விட்டுவிட்டார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மேல கீறவன் நம்மளக் கழிச்சி வுட்டான்" என்று மேலே இருப்பவனைத் திட்டினார்கள். எனக்கு வாங்கித் தந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

பிறகு எனக்குப் புதுப்பட்டினத்தில் வேலை கிடைத்தது. பார்க்க வந்த நைனாவைச் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்து சொன்னேன். "நைனா, ஒரு பொட்டில எழுதினத இன்னொரு பொட்டி படிக்கல. நான் வெறும் பேர மாத்திக் குட்த்துட்டேன்."

அவர் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். "அது பொட்டிங்களுக்குள்ள தகராறு. அதுக்கு நீ இன்னா பண்ணுவ? வுடு."

சட்டைப் பையில் இருந்த காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது அவருக்குப் புரிந்துவிடும்.

அந்த மாடியில் இப்போது செல்போன் கடை. அந்த இரண்டு வேர்ட் ப்ராசஸர்களில் எங்களுடையதை இன்று யாருக்கும் தெரியாது. ஃப்ளாப்பி செருக என் லேப்டாப்பில் ஓட்டையே கிடையாது. தொழிற்சாலை இருந்த இடத்தில் மனைக்கட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் தன் பதிவேட்டில் நாற்பத்து மூன்று பேரையும் புது ஆள் என்றே எழுதிக்கொண்டார். அதற்கு முன் அவர்கள் வேலை செய்த வருடங்களை நான்தான் கூட்டிப் பார்த்தேன். ஐந்நூற்று எழுபத்தாறு.