இறுக்கிக் கட்டு, அம்மணி

பழைய வேட்டி கிழிபடும் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு இருப்புக்கொள்ளாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சிங்காநல்லூரில், பதினான்கு வயது அண்ணனுக்கு மார்பு பெண்பிள்ளைக்குப் போல வீங்கியது. கேலிக்குப் பயந்து கிணற்றில் குளிப்பதையே விட்டுவிட்டான். தினமும் பழைய வேட்டியைக் கிழித்து மார்பில் சுற்றி, "இன்னும் இறுக்கிக் கட்டு அம்மணி" என்று முதுகைத் திருப்புவான். எட்டு வயதுக்காரி நான் பயந்துகொண்டே கட்டுவேன். ஒருநாள் மூச்சுமுட்டி விழுந்துவிட்டான்.

டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "வளர்ற வயசுல உடம்புச் சுரப்பு முன்னப்பின்ன ஆகறதுதானுங்க. ரண்டு வருசத்துல தானா வத்திப்போயிருமுங்க" என்றார்.

"அதுவரைக்கும் முடியாதுங்க, அறுத்துப்போடுங்க" என்று அண்ணன் அழுதான்.

"கத்தி வேண்டாம் கண்ணு, கட்டும் வேண்டாம்."

அவனுக்குத் தூக்கமே வரவில்லை. விடியுமுன் எழுந்து கண்ணாடி முன் நிற்பான்.

மூன்றாம் கோடையில் ஒருநாள், சட்டையைத் தோளில் போட்டு, தலை சொட்டச்சொட்ட வீட்டுக்குள் வந்தான்.

"கெணத்துல நாலு தடவ குதிச்சேனுங்கம்மா."

அம்மா துண்டெடுத்துக் கொடுக்கவும் மறந்து, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.