என் பாட்டை நான் பாடலாமா?

போன வருஷம் தை மாசம். மாமல்லபுரத்தில், கடலை ஒட்டின ஒரு ரிசார்ட். நானும் என் மனைவியும் இருக்கிறதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு ஊர் கருங்குழி பக்கம். கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. பாட்டு எழுதுவது சின்ன வயசிலிருந்தே இருக்கிற கிறுக்கு. நண்பனின் கல்யாணத்தில், பெண் வீட்டாரைக் கிண்டலடித்து ஒரு பாட்டை நானே எழுதி, மெட்டுப் போட்டுப் பாடினேன். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, மதுராந்தகம், அச்சரப்பாக்கம் என்று எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பாட்டுதான். ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு மியூசிக் கம்பெனி கூப்பிட்டது. பாட்டை அவர்களே வெளியிடப்போகிறார்களாம். மாமல்லபுரத்தில் ஷூட்டிங் நடக்கிறது, வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அப்புறம் எனக்கு எங்கே தூக்கம் வரும்?

மியூசிக் கம்பெனி மேனேஜர் நீட்டிய ஒப்பந்தம் முழுக்க இங்கிலீஷ். படிக்கிற பொறுமை எனக்கு ஏது? பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். என் மனைவிதான், "இதுல இன்னா எழுதிகீதுன்னு கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க சார்" என்றாள்.

"பாட்டோட மொத்த உரிமையும் கம்பெனிக்கு வந்துரும். அவ்ளோதாம்மா."

"அடுத்த மாசம் என் தங்கச்சி கல்யாணம். அதுல இவரு இந்தப் பாட்டப் பாடலாம் இல்ல?"

அவர் சிரித்தார். "யாரும் வந்து புடிக்க மாட்டாங்க. ஆனா ரூல்ஸ்படி பாத்தா, எங்களக் கேட்டுட்டுத்தான் பாடணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னாய்யா இது? உன் பாட்ட நீ பாட இவங்க பர்மிஷனா?"

வந்த வாய்ப்பைக் கெடுக்கிறாளே என்று ஒரு கணம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கை எழுதவில்லை. "யோசிச்சு சொல்றேன் சார்" என்று எழுந்துவிட்டேன். "வெளிய எத்தன பேர் காத்துகினு இருக்காங்க தெரியுமா, ப்ரோ?" என்றார் அவர்.

கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தோம். பின்னால், "அண்ணா, ஒரு நிமிஷம்!" என்று குரல். உள்ளே ஒரு மூலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். என் பாட்டுக்கு இசை அமைக்க வேண்டியவளே அவள்தானாம்.

"என் மொத பாட்ட நானும் இப்டித்தான் மொத்தமா எழுதிக் குடுத்துட்டேன். இன்னிக்கு அத மேடைல பாட அவங்கள கேக்கணும். அக்கா அந்தக் கேள்விய கேட்டதும் என்னால உக்கார முடியல. உரிமை உங்ககிட்டயே இருக்கட்டும். வெளியிடுற அனுமதிய மட்டும் கொஞ்ச வருஷத்துக்குக் குடுங்க. வாங்க, நான் பேசறேன்."

எங்களை ரிசார்ட்டுக்கே திரும்பக் கூட்டிப்போய், அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கைகள் ஆடுவது மட்டும்தான் தெரிந்தது. கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் வாசலைக் கையால் காட்டினாள். தானும் கிளம்பிவிடுவதாகச் சொல்கிறாள் என்று புரிந்தது. மேனேஜர் யாருக்கோ போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு டீ வந்தது.

"டீ குடுக்கறாங்கன்னா நல்ல சேதிதான்" என்று என் மனைவி காதில் கிசுகிசுத்தாள். நல்ல சேதியேதான்!

அவள் சொன்னபடியே மாற்றி எழுதி அனுப்பிய ஒப்பந்தத்தைச் செங்கல்பட்டில் ஒரு வக்கீல் வரிவரியாகப் படித்துவிட்டு, "தாராளமா போடுங்க" என்றார். போட்டேன்.

மச்சினி கல்யாணத்துக்கு அந்தப் பெண் கீபோர்டோடு வந்துவிட்டாள். அவள் வாசிக்க, நான் பாட, மாப்பிள்ளையின் அப்பா தோள் துண்டைச் சுழற்றி ஆடிய ஆட்டத்தில் மண்டபமே அதிர்ந்தது. பாட்டு வெளியானபோது பெயரோடு வந்தது: எழுத்தும் மெட்டும் நான், இசை அவள்.

தன் வேலை போனாலும் போகட்டும் என்று, முன்பின் தெரியாத எங்களுக்காக அவள் வெறுங்காலோடு ஓடி வந்ததை நினைக்கும்போதெல்லாம், ஷிப்ட் முடிந்த களைப்பிலும் புதுசாக ஒரு பல்லவி தானாக வாயில் வந்துவிடுகிறது.