தள்ளு அக்கா பார்த்த ஒன்பது படங்கள்

அந்தக் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. பதினோரு அடி நீளம், ஒன்பது அடி அகலம், வெளிர்பச்சைச் சுவர், நான்கு சாய்வு நாற்காலிகள். லைட் போர்டின் முன் இருபது நிமிஷம் உட்கார்ந்து பாட்டில் பார்த்தவர்கள், அடுத்த இருபது நிமிஷம் இங்கே வந்து கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். செல்போன் கூடாது, பத்திரிகை கூடாது, டிவி அறவே கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வாயைப் பற்றி எழுத மறந்துவிட்டார்கள். தள்ளு அக்காவின் புகழெல்லாம் அந்த மறதியில் வளர்ந்ததுதான்.

மருந்து நிரப்பப் போகும் பாட்டில்கள் நிமிஷத்துக்கு அறுபது வீதம் பெல்ட்டில் வரும். பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும். கீறலோ குமிழியோ தென்பட்டால் ஒரு விரலால் தட்டிப் பக்கத்துத் தொட்டியில் தள்ளிவிட வேண்டும். ஒரு ஷிஃப்டில் பதினோரு தடவை உட்கார வேண்டும். கணக்குப் பார்த்தால் பதிமூவாயிரத்து இருநூறு பாட்டில். இருபத்தாறு வருஷமாக அக்கா அந்த வேலையைச் செய்தாள். நல்லதைத் தொட மாட்டாள், கெட்டதை விட மாட்டாள். சந்தேகம் வந்தாலும் தள்ளிவிடுவாள். "சந்தேகத்தோட ஒரு கொழந்தைக்கு மருந்து குடுப்பியா?" என்று கேட்பாள்.

படங்களுக்கும் அதே சட்டம்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிற்பகல் நான்கு மணிக்கு வீட்டில் கணவனோடு உட்கார்ந்து படம் பார்ப்பாள். கணவன் பஸ் டிரைவர். வாரம் முழுக்கச் சாலையைப் பார்த்த களைப்பில் பாதிப் படத்தில் குறட்டை விடுவான். திங்கட்கிழமை முதல் ஓய்வில் அக்கா தீர்ப்புச் சொல்வாள். மற்ற மூன்று பெண்களும் கண்ணை மூடியபடி கேட்பார்கள். தீர்ப்பு இரண்டே வகை. தேறியதென்றால் "போகட்டும்". தேறவில்லையென்றால் "தள்ளு". அந்தச் சொல்லே அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்த ஒரு படத்தை அக்கா எடுத்துக்கொண்டாள். இருபது வருஷம் முன்னால் வீட்டை விட்டுப் போன புருஷன், அவன் எழுதிய கடிதங்கள், அவற்றை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பெண்டாட்டி, இதுதான் கதை.

"தள்ளு," என்றாள் அக்கா. "கடைசியில அவ பெட்டியத் திறக்குறா. ஒரே இருட்டு. ஒரு எழவும் தெரியல. படம் எடுக்குறவன் ஒரு பல்பு வாங்கிப் போட மாட்டானா?"

அடுத்த நாற்காலியிலிருந்து ரெட்டைச்சடை கண்ணைத் திறந்தாள். சேர்ந்து மூன்று வருஷமே ஆனவள். நாற்பது வயதிலும் இரண்டு சடை போடுவதால் அந்தப் பெயர்.

"இருட்டா? அக்கா, அது பட்டப்பகல்ல எடுத்த சீன். ஜன்னல் வேற திறந்து கெடக்கு."

"எந்த ஜன்னல்?"

"அதானே வெளிச்சம்! பெட்டிக்குள்ள கடிதமெல்லாம் பிரிக்காமலே இருக்கும். ஒட்டினது ஒட்டினபடி. ஒண்ணக்கூட அவ படிக்கல. அதப் பாத்துத்தானே எங்க வீட்டுல எல்லாரும் அழுதோம்."

மற்ற இருவரும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியிருக்கும்.

"உங்க வீட்டுல எதுக்குத்தான் அழ மாட்டீங்க," என்றாள் அக்கா. "எங்க டிவி பழசு. அவ்வளவுதான்."

வாசலில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் நின்றிருந்தார். அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லாதவர், ஆனால் காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். ரெட்டைச்சடை சொன்னதும் அக்கா சொன்னதும் அவர் காதில் விழுந்துவிட்டன.

"அக்கா, வருஷா வருஷம் வைக்கிற கண் டெஸ்ட் இருக்குல்ல, அத இந்த வியாழக்கிழமையே முடிச்சுடலாமா?" என்றார்.

அது கேள்வி இல்லை என்று அந்த அறைக்குத் தெரியும். டெஸ்டில் தவறினால் லைட் போர்டு போயிற்று. பேக்கிங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டு அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

"வைங்க," என்றாள் அக்கா. "நாளைக்கே வேணாலும் வைங்க."

செவ்வாய்க்கிழமை மாலை வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே அந்தப் படத்தைப் போடச் சொன்னாள். கணவன் கடைசிக் காட்சிக்கு ஓட்டினான். அக்கா வழக்கமான இடத்தில், ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தாள். இருட்டுத்தான். வலது கண்ணைப் பொத்தினாள், கொஞ்சம் தெளிந்தது. இடது கண்ணைப் பொத்தினாள், புகை மூடியது போல் ஆயிற்று. நாற்காலியை இழுத்துக்கொண்டு டிவிக்கு இரண்டடி பக்கத்தில் போய் இடது கண்ணால் பார்த்தாள். ஜன்னல் இருந்தது. கடிதங்கள் இருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ஒரு மாசமா டம்ளர வைக்கிறப்போ மேசை விளிம்பத் தடவிப் பாத்துட்டுத்தான் வைக்கிற," என்றான் கணவன்.

"அப்ப ஏன் வாயத் திறக்கல?"

"திறந்தா என்னையும் தள்ளிடுவியே."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி. பிரிக்கல. ஒத்துக்குறேன். எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு பொம்பளை, வீட்டுக்கு வந்த கடிதத்த இருபது வருஷமா பிரிக்காம வச்சிருப்பாளா? திட்டுறதுக்காகவாவது பிரிச்சிருக்க மாட்டாளா? இத எழுதினவனுக்குப் பொண்டாட்டி கெடையாது. தள்ளு."

"அப்ப டிவி?"

"டிவி நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் சரியில்ல. அது வேற, இது வேற."

புதன்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கண் மருத்துவரிடம் போனாள். வலது கண்ணில் முற்றிய புரை, இடது கண்ணில் தொடக்கம். இரண்டு வாரம் கழித்து வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்துக் கொடுத்தார்கள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "வெளிச்சத்துக்கு முன்னால உக்காந்து பாட்டில் பாக்க முடியுமா?" ஆறு வாரம் போனால் முடியும் என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார்.

ஆனால் அன்று அவள் மனசில் குடைந்தது வேறொன்று. இத்தனை நாளில் தன் கண்ணைத் தாண்டி எத்தனை கெட்ட பாட்டில் போயிருக்கும்? திரும்பி வந்ததும் தன் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, நான்கு மாதத்தைப் புரட்டினாள். முன்பெல்லாம் ஷிஃப்டுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு தள்ளியிருந்தாள். பிறகு அது ஐம்பத்தைந்து, அறுபத்தொன்று என்று ஏறியிருந்தது. வெளியே போன சரக்கிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. தெரியாததையெல்லாம் தள்ளியிருக்கிறாள்; கெட்டதை விடவில்லை. அந்தப் பதிவேட்டை மூடும்போதுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. கடந்த இரண்டு மாதத்தில் பார்த்த படங்கள் ஒன்பது. ஒன்பதையும் தள்ளியிருக்கிறாள்.

வியாழக்கிழமை டெஸ்ட். பெல்ட்டில் நூறு பாட்டில் விடுவார்கள். அதில் பன்னிரண்டு கெட்டது. எது என்பது சூப்பர்வைசர் கையிலுள்ள தாளுக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டும் பிடிபட வேண்டும். நல்லதில் மூன்று வரை தவறித் தள்ளலாம். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்த்தாள். தொட்டியில் பதினெட்டு விழுந்தது. பன்னிரண்டு கெட்டது, ஆறு நல்லது.

"ஒரு கெட்டத விடல," என்றாள்.

"மூணு கூடிடுச்சேக்கா."

"கூடிடுச்சு. இல்லன்னு சொல்லல. புரை இருக்கு. இதோ டாக்டர் சீட்டு, இதோ ஆபரேஷன் தேதி. அதுவரைக்கும் பேக்கிங்குல நிக்கிறேன். என் நாற்காலி என் பேர்ல இருக்கணும்."

சூப்பர்வைசர் மேசையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பார்வைக் குறைவு காரணமாக என் முழுச் சம்மதத்துடன் நிரந்தரமாகப் பேக்கிங் பிரிவுக்கு மாறுகிறேன் என்று அதில் இருந்தது. அக்கா அதை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"முழுச் சம்மதம் இல்ல. கால் சம்மதமும் இல்ல. நிரந்தரமாவும் இல்ல. இதுல கையெழுத்துப் போட என்ன இருக்கு?"

"எல்லாரும் போட்டிருக்காங்கக்கா. இது ஒரு வழக்கம்."

"எல்லாரும் அந்தப் படத்துக்கு அழுதாங்க. நான் அழுதேனா?"

கையெழுத்துப் போடாமலே பேக்கிங்குக்குப் போனாள். இரண்டு வாரம் பெட்டி மடித்தாள், ஒரு வாரம் ஆபரேஷன் லீவு, பிறகு கருப்புக் கண்ணாடியோடு வந்து மறுபடி பெட்டி மடித்தாள். தாள் மூன்று தடவை அவளைத் தேடி வந்தது. ஒரு தடவை பியூன், ஒரு தடவை அலுவலகப் பெண், ஒரு தடவை சூப்பர்வைசரே. மூன்று தடவையும் வெறுமையாகவே திரும்பிப் போனது. பேக்கிங்கிலேயே நரைத்த ஒருத்தி, "நாங்கல்லாம் வந்த அன்னிக்கே போட்டுட்டோம். உனக்கு மட்டும் கை என்ன தங்கமா?" என்று குத்தினாள். "தங்கமில்ல, என் கை," என்றாள் அக்கா.

மதியச் சாப்பாட்டுக்கு ரெட்டைச்சடை தினமும் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பேக்கிங்குக்கு வந்தாள். முதல் நாள் சாப்பாட்டில் கை வைக்காமல் அழுதாள்.

"என் வாய்தான்க்கா எல்லாத்துக்கும் காரணம்."

"உன் வாயாலயா என் கண்ணுல புரை வந்துச்சு? நீ சொல்லலன்னா இன்னும் ஒரு வருஷம் டிவியத் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன். மூக்கத் தொடைச்சுட்டுச் சாப்பிடு."

"அந்த அறையில யாரும் பேசுறதே இல்லக்கா. நெசமாவே தூங்குறாங்க."

கட்டுப் பிரித்து மூன்றாவது வாரத்திலிருந்து அக்கா அந்த ஒன்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தாள். கணவன் நொந்துபோனான். "ஒரு தடவ திட்டின படத்தத் திரும்பப் பாத்துத் திட்டுறது உலகத்துலயே நீ ஒருத்திதான்." அவள் கேட்கவில்லை. புதுக் கண்ணில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. நடிகர்களின் ஒட்டு மீசையில் பசை காய்ந்திருப்பதுகூடத் தெரிந்தது. முடித்தபின் ரெட்டைச்சடையிடம் அறிக்கை கொடுத்தாள்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ரெண்டு பேர் படம் இருக்குல்ல, அது போகட்டும். அன்னிக்கு அவங்க மூஞ்சியே எனக்குத் தெரியல. மூஞ்சியிலதான் படமே இருக்கு. அது என் தப்பு."

"மத்த எட்டு?"

"தள்ளினது தள்ளினதுதான். இப்ப இன்னும் நல்லாத் தெரியுது எவ்வளவு மட்டம்னு."

"கடிதப் படம்கூடவா?"

"முதல்ல அதத் தள்ளு."

ஒன்பது வாரம் கழிந்தபின், மருத்துவர் சீட்டோடு போய் டெஸ்ட் கேட்டாள். தவறியவர் மறுபடி டெஸ்டுக்கு உட்கார விதியில்லை என்றார் சூப்பர்வைசர். கூடாது என்றும் விதியில்லையே என்றாள் அக்கா. அவர் விதிப் புத்தகத்தை அரை மணி நேரம் புரட்டினார். அவள் அரை மணி நேரமும் மேசைக்கு எதிரில் நின்றாள். கடைசியில் நூறு பாட்டில் விட்டார்கள். தொட்டியில் பதினான்கு விழுந்தது. பன்னிரண்டு கெட்டது, இரண்டு நல்லது.

சூப்பர்வைசர் மனம்விட்டுச் சிரித்தார். அவருக்கும் உள்ளூர நல்ல ஆளை இழந்த வருத்தம் இருந்தது. "நாளைக்கே போர்டுல உக்காருங்கக்கா. ஒரே ஒரு சம்பிரதாயம்," என்று பழைய தாளையே மறுபடி எடுத்தார். "ஃபைல்ல இது காலியா இருக்கு. இதுல போட்டுடுங்க. திரும்பி வந்ததா இன்னொரு தாளும் சேத்துப் போட்டுடலாம். கணக்கு நேராயிடும்."

"நிரந்தரமாப் போறேன்னு ஒரு தாள், ஒன்பது வாரத்துல வந்துட்டேன்னு ஒரு தாள். ரெண்டுல எது பொய்?"

"பேப்பர்தானேக்கா."

"ரெண்டுலயும் போட்டா, திரும்பி வந்தவ புதுசா சேந்தவ மாதிரி. இருபத்தாறு வருஷமும் அழிஞ்சுடும். இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. அது முத்துற அன்னிக்கு, 'உங்க சம்மதம்தான் ஏற்கெனவே இருக்கே'ன்னு இதையே எடுத்து நீட்டுவீங்க. நீங்க நீட்டலன்னாலும் உங்களுக்கு அப்புறம் வர்றவர் நீட்டுவார்."

"நான் அப்படிப்பட்ட ஆளாக்கா?"

"இல்ல. ஆனா தாளுக்கு ஆள் தெரியாது. கண் சிகிச்சைக்காகத் தற்காலிகமாப் போனா, தேறி வந்தா, இடம் அவளோடதுதான்னு எழுதுங்க. இடது கண்ணுக்கும் இதேதான்னு சேத்து எழுதுங்க. அதுல போடுறேன்."

"அப்படி ஒரு படிவமே கெடையாதே."

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?"

சூப்பர்வைசர் பேனாவை உருட்டினார். வெளியே லைட் போர்டில் ஒரு நாற்காலி ஒன்பது வாரமாகக் காலி. ரெட்டைச்சடையும் மற்றவர்களும் ஓய்வைக் குறைத்து மாறி மாறி உட்கார்ந்து கண் சிவந்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை.

அச்சடித்த பக்கத்தின் குறுக்கே அவர் ஒரு கோடு கிழித்தார். தாளைத் திருப்பி, ஆறு வரி கையால் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, முத்திரை குத்தி அவள் பக்கம் தள்ளினார். அக்கா இம்முறை அதை மேசையிலேயே வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே படித்தாள். முழுதும் படித்தாள். பேனாவுக்குக் கை நீட்டவில்லை.

"இன்னும் என்னக்கா?"

"இன்னிக்குத் தேதி பதினாலு. பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். அடித்துவிட்டுப் பதினான்கு என்று திருத்தினார்.

"திருத்தின எடத்துல ஒரு சின்னக் கையெழுத்து," என்றாள் அக்கா.

அவர் அதையும் போட்டார். பிறகு அவள் கையெழுத்திட்டாள்.