விழ வேண்டிய கம்பம்

அன்றைக்கு அந்த மேட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

எங்கள் முதலாளி. ஹட்டனில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். புது ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தார்.

ரோட்டு ஆபீஸ் இன்ஜினியர் மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. குளிருக்குக் காதை மூடிக் கட்டியிருந்தார்.

லொறி டிரைவர் பண்டா. சிங்களவர். தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவார்.

சின்னையா அண்ணன். குழி வெட்டுவது, கான்கிரீட் போடுவது அவர் வேலை.

ரவி. என் மச்சினன். வீட்டுக்காரியின் தம்பி.

நான்.

அப்புறம் பழைய வேனுக்குள், டிரைவர் சீட்டில், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தோம்.

பெரிய பாஸ்

எனக்குப் படிப்பு குறைவு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. வெல்டிங் மட்டும் தெரியும். எங்கள் பக்கம் கைவேலைக்காரரை பாஸ் என்று கூப்பிடுவார்கள். பட்டறையில் நான் பெரிய பாஸ். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார்.

ரோட்டோரத்து விளக்குக் கம்பமும் போர்டுக் கம்பமும் எங்களுக்கு வருகிற வேலை. மற்ற பட்டறைக்காரர் மூன்று அடி குழி வெட்டுவார்கள். நான் நாலு அடி வெட்டச் சொல்வேன். தடித்த பைப் எடுப்பேன். இங்கே மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அதனால் நட்டு முடித்ததும் அடியைச் சுற்றி சிமெண்டால் ஒரு கூம்பு பிடிப்போம். தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். இது எங்கள் பட்டறை வழக்கம்.

என் கம்பம் ஒன்றுகூட விழுந்ததில்லை. ஒரு தடவை தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று மோதியது. கம்பம் அசையவில்லை. அந்தக் கதையை எல்லோரிடமும் சொல்வேன். கேட்டவர்கள் கம்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். லொறி டிரைவருக்கு முழங்கால் போனதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரவி வந்தது

ரவி வெளிநாட்டில் கம்பம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவன். திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரி புஷ்பம் சொன்னாள்.

"தம்பிய உங்க பட்டறையில சேத்து விடுங்க."

சேர்த்துவிட்டேன். நான் தான் சேர்த்துவிட்டேன்.

முதல் வாரத்திலேயே தரையில் சாக்பீஸால் ஒரு படம் போட்டான். இரண்டு இரும்புத் தகடு. ஒன்று கான்கிரீட்டோடு தரையில் இருக்கும். இன்னொன்று கம்பத்தின் அடியில் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று வைத்து போல்ட் போடுவது. போல்ட் ஓட்டை முழு வட்டம் இல்லை. வெளிப்பக்கம் வாய் திறந்திருக்கும்.

"அத்தான், வண்டி மோதுனா மேல் தகடு வழுக்கி வெளிய வந்துரும். கம்பம் விழணும்."

"என்னது?"

"விழணும் அத்தான்."

"விழுறதுக்கா இத்தன நாள் வெல்டிங் வச்சேன்?"

"கம்பம் விழுந்தா ஆளு பொழச்சுக்குவான்."

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, அவனைப் பார்த்தா என்று தெரியவில்லை. நான் கிரைண்டரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது.

ராத்திரிச் சாப்பாட்டில் புஷ்பம் நடுத்துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள். எனக்கு வால்.

"தம்பி எவ்வளவு அறிவா பேசுறான், பாத்தீங்களா?"

"மீன்ல உப்பு இல்ல" என்றேன். உப்பு இருந்தது.

அந்த நேரம் பார்த்து ரோட்டு ஆபீஸ் வேலை ஒன்று வந்தது. ஹட்டன் ரோட்டில் வளைவுகளுக்கெல்லாம் புதுக் கம்பம். பெரிய வேலை. ரவியின் படத்தை முதலாளி மிஸ்ஸிடம் காட்டிவிட்டார். மிஸ்ஸுக்கு அந்த மாதிரிக் கம்பம் முன்பே தெரியும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். ஆனாலும் இந்த ஊர் மண்ணில், இந்த ஊர் சாமானில் செய்தால் விழுமா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஆளுக்கொரு கம்பம் செய்ங்க. பழைய வேன் ஒண்ணு கெடக்கு, விட்டு மோதிப் பாப்போம். யார் கம்பத்த மிஸ் எடுக்கிறாங்களோ, அவரு தான் இனிமே பட்டறைக்குப் பெரிய பாஸ்."

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி சிரித்தார். ரவியும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டறையில் என்னிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்று தான்.

கூம்பு

மூடிப்போன தோட்டத்து ஃபெக்டரி ஒன்றுக்கு இறங்குகிற ரோடு. அங்கே வேறு வண்டி வராது. ரோட்டின் அடியில் இரண்டு கம்பத்தையும் நட்டிருந்தோம். நடுகிற வேலை சின்னையா அண்ணனுடையது.

அன்று காலை நானும் அவரும் தான் முதலில் போனோம். மூடுபனி விலகவில்லை. நான் ரவியின் கம்பத்தைப் போய்ப் பார்த்தேன். வெல்டிங் எப்படி வைத்திருக்கிறான் என்று பார்க்கத்தான். குறை சொல்ல ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன்.

தகட்டையே காணோம். போல்ட்டையும் காணோம். அடியைச் சுற்றி அழகாக ஒரு சிமெண்ட் கூம்பு. கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்கி இருந்தது.

"அண்ணே, இது யாரு செஞ்சது?"

"நான் தான் பாஸ். போல்ட்டு எல்லாம் வெளிய தெரிஞ்சிச்சு. மழையில துரு புடிச்சிரும்ல? தம்பி ஆசையா செஞ்ச சாமான். அதான் நல்லா மூடிட்டேன்."

அவர் மேல் தப்பில்லை. எங்கள் வழக்கத்தைத்தான் செய்திருந்தார். ஆனால் இரண்டு தகடும் சிமெண்டுக்குள் போய்விட்டன. இனி அது வழுக்காது. ரவியின் கம்பமும் என் கம்பம் மாதிரியே நிற்கும். நின்றால் மிஸ் என்ன சொல்வார்? இது இங்கே சரிவராது, பழைய மாதிரியே செய்யுங்கள் என்பார்.

ரவி இன்னும் வரவில்லை. நான் ஒரு பீடி பற்ற வைத்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் நின்றால் போதும்.

பாதிப் பீடியில் வேறு யோசனை வந்தது. அவன் தோற்க வேண்டும், அது சரி. ஆனால் என்னிடம் தோற்க வேண்டும். சின்னையா அண்ணனின் சிமெண்டிடம் தோற்றால் எனக்கு என்ன பெருமை? காலம் பூராவும் அவன் சொல்லிக்கொண்டு திரிவான், சிமெண்ட் பூசிக் கெடுத்துவிட்டார்கள் என்று. புஷ்பம் அதை நம்புவாள். அது உண்மையாகவும் இருக்கும்.

"அண்ணே, உளிய எடுங்க."

"என்ன பாஸ், தம்பியோடத ஒடைக்கிறீங்க?"

"எடுங்கன்னா எடுங்க."

கூம்பைக் கொத்தி எடுத்தேன். தகட்டின் இடுக்கில் இருந்த சிமெண்டைக் கம்பி விட்டுச் சுரண்டினேன். போல்ட்டை பிரஷ்ஷால் தேய்த்தேன். என் கம்பத்துக்குக்கூட அப்படி வேலை பார்த்ததில்லை. விரல் முட்டி கிழிந்தது.

ரவி வந்தான். கீழே கிடந்த சிமெண்ட் துண்டுகளைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். தன்னுடைய அளவு ஸ்பேனரை எடுத்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். நானாக இருந்தால் ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கி இருப்பேன். அவன் ஸ்பேனர் டிக் என்றதும் நிறுத்திவிட்டான். அதற்கு மேல் முறுக்கினால் தகடு வழுக்காதாம்.

மோதல்

வேனை பண்டா லொறியில் கட்டி மேட்டுக்கு இழுத்து வந்திருந்தார். என்ஜின் செத்த வேன். ஸ்டியரிங்கைக் கயிற்றால் கட்டினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் மரம் போட்டு வழி செய்திருந்தோம்.

முதலில் ரவியின் கம்பம். சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்தோம். வேன் மெதுவாகத் தொடங்கி, பிறகு சத்தத்தோடு இறங்கியது. டங் என்று ஒரு சத்தம். கம்பம் அடியிலிருந்து கழன்று வேன் கூரை மேல் படுத்தது. வேன் அதைச் சுமந்துகொண்டே போய் மண் குவியலில் நின்றது.

மிஸ் ஓடிப்போய் மூட்டையைப் பார்த்தார். மூட்டை உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

"கிழங்குக்கு ஒண்டும் இல்லை" என்றார்.

கம்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வழி மரங்களை என் கம்பத்துக்கு நேராக மாற்றி, வேனைத் திரும்ப மேலே இழுத்தோம். அடுத்தது என் கம்பம்.

அந்தச் சத்தம் வேறு. டங் இல்லை. எதையோ மிதித்த மாதிரி ஒரு சத்தம். வேன் அங்கேயே நின்றது. பின் சக்கரம் தூக்கி விழுந்தது. கண்ணாடி கொட்டியது.

நான் கம்பத்திடம் தான் போனேன். நேராக நின்றது. பெயிண்ட் மட்டும் உரிந்திருந்தது.

"பாத்தீங்களா மிஸ்? கொஞ்சங்கூட சாயல."

"அண்ணை, கம்பத்தைப் பாக்காதேங்கோ. இங்க வந்து உள்ளுக்குப் பாருங்கோ."

பார்த்தேன். ஸ்டியரிங் மூட்டைக்குள் போயிருந்தது. சாக்கு கிழிந்து, கிழங்கு நசுங்கி, தண்ணீர் சீட்டில் ஓடியது. சீட்டுக்குக் கீழே, டிரைவருக்கு முழங்கால் இருக்கிற இடத்தில், இடமே இல்லை.

பண்டா எட்டிப் பார்த்தார். "பாஸ், கம்பம் சுப்பர். ஆளு தான் கறிக்கு ஆகிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ரவி சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

எனக்கு விட மனசில்லை.

"சரி மிஸ். வெளிய விழுற கம்பம் பஸ்ஸுக்கு நிக்கிறவன் தலையில விழுந்தா? கீழ லயத்து வீட்டுக் கூரையில விழுந்தா?"

மிஸ் ரோட்டுப் படம் போட்ட காகிதத்தை விரித்தார்.

"ஓம் அண்ணை, அதுக்குத்தான் இந்தக் கறுப்புப் புள்ளியள். பஸ் ஹோல்ட், லயத்துக்கு மேல் இடம், அங்கயெல்லாம் உங்கட கம்பம் தான். பள்ளப் பக்கத்தில கம்பமே வேண்டாம், இரும்பு வேலி. மிச்சம் எல்லாம் விழுற கம்பம்."

அதையும் முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். கறுப்புப் புள்ளிகள் கொஞ்சம் தான். மிச்சம் எல்லாம் சிவப்பு.

முதலாளி ரவியின் தோளில் தட்டினார். "என்ன, பெரிய பாஸ்!"

நசுங்கிய கிழங்கை பண்டா என் பையில் போட்டுவிட்டார். வீட்டில் புஷ்பம் கறி வைத்தாள். "மசிக்கிற வேலை மிச்சம்" என்றாள். ரவி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

வாழைப்பழம்

அதற்குப் பிறகு ரவி சொல்ல, நான் செய்தேன். தகடு வெட்டினேன், வாய் திறந்த ஓட்டை போட்டேன். போல்ட்டை டிக் என்றதும் நிறுத்தப் பழகினேன். அவனும் செய்தான். யார் செய்தது என்று தெரிய தகட்டின் அடியில் பஞ்ச் அடிப்போம். ரவிக்கு இரண்டு புள்ளி. எனக்கு ஒன்று. பையன்கள் அவனைப் பெரிய பாஸ் என்றார்கள். என்னை அண்ணே என்றார்கள். மரியாதை குறையவில்லை. பெயர் தான் போய்விட்டது.

ஒரு மழை நாளில் மரக்கறி லொறி ஒன்று வளைவில் வழுக்கிக் கம்பத்தில் மோதியது. கம்பம் விழுந்தது. லொறி மலைப் பக்கத்துத் தண்ணீர்க் கானில் போய்ச் சாய்ந்தது. விழுந்த கம்பத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்த டிரைவர் வந்தார். நெற்றியில் பிளாஸ்டர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நடந்து தான் வந்தார். நான் அவர் முழங்காலைத்தான் பார்த்தேன்.

"இந்தக் கம்பம் செஞ்ச பாஸ் யாருங்க?"

பட்டறை முழுவதும் ரவியைக் காட்டியது. முதலாளியும் காட்டினார். நான் மாஸ்க்கை இறக்கிக்கொண்டு வெல்டிங் வைத்தேன். வெல்டிங் வைக்க அங்கே ஒன்றும் இல்லை. பழைய தகட்டின் மேல் சும்மா கோடு போட்டேன்.

ரவி போய்க் கம்பத்தைப் புரட்டினான். துடைத்துப் பார்த்தான்.

"இது எங்க அத்தான் செஞ்சதுங்க. ஒரு புள்ளி போட்டிருக்கு, பாருங்க. அவருகிட்டக் குடுங்க."

டிரைவர் என்னிடம் வந்தார். பழத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். "பிள்ளைங்க ரெண்டு இருக்குங்க" என்றார். மாஸ்க்கைத் தூக்காமலே வாங்கினேன்.

அவர் போன பிறகு ரவி பக்கத்தில் வந்தான்.

"சின்னையா அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு அத்தான். உளி வச்சுக் கொத்துனத."

"உன் நல்லதுக்குச் செய்யல."

"தெரியும்."

அவன் அந்தக் கம்பத்தைத் தன்னுடையது என்று சொல்லியிருக்கலாம். யாரும் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தால் நான் அவனை வாழ்நாள் முழுவதும் திட்டிக்கொண்டு இருக்கலாம். அதற்கும் வழி விடவில்லை. பழத்தில் பாதியை அவனுக்குக் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் எப்படியும் புஷ்பம் அவனுக்குத்தான் கொடுப்பாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. போல்ட்டை மூடாதீர்கள். துரு பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். பைப் மாட்டி முறுக்காதீர்கள். கம்பத்தில் வண்டி மோதியது என்று தகவல் வந்தால், கம்பம் நிற்கிறதா என்று கேட்காதீர்கள். ஆள் நிற்கிறாரா என்று கேளுங்கள்.

விழுகிற கம்பமெல்லாம் பட்டறைக்குத்தான் வரும். வந்ததும் நான் தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். யார் கம்பத்தில் வண்டி மோதும் என்பது எங்கள் கையில் இல்லை. தெரியும். இருந்தாலும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மச்சினன் செய்ததில் இதுவரை விழுந்தது ஏழு.

நான் செய்ததில் ஒன்பது.