ஒரு வரியை நீக்கச் சொன்னவர்

நாமக்கல் வீட்டிலிருந்தபடி, சி என்ற கணினி மொழியில் எழுதிய லைப்ரரி ஒன்றைப் பைத்தான் மொழியோடு இணைக்கும் பொது நிரலைப் பராமரிக்கிறேன். யாரும் இணையத்தில் திருத்தம் அனுப்பலாம்; நான் சோதித்த பிறகே சேர்ப்பேன்.

ஒருநாள், முன்பின் தெரியாத ஒருவர், வேலை முடிந்ததும் கணினியின் நினைவகத்தை விடுவிக்கும் வரியொன்றை நீக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். விடுவிக்காவிட்டால் நினைவகம் நிரம்பிவிடுமே! கெடுக்க வந்தவன் என்றே நினைத்து நான்கு நாள் கிடப்பில் போட்டேன். பிறகு அவருடைய கைபேசி எண்ணை வாங்கிப் பேசினேன்.

"சங்ககிரிங்க. லாரி எங்க போகுதுன்னு காட்டற எங்க புரோகிராம் அடிக்கடி நின்னுருதுங்க. லைப்ரரியே மெமரிய ஃப்ரீ பண்ணிருது. அந்த வரி மறுபடியும் பண்ணுதுங்க. ஒரே மெமரிய ரெண்டு தடவ ஃப்ரீ பண்ணுனா புரோகிராம் நின்னுருமுங்க."

"அந்த வரிய எழுதுனது யாருன்னு பாத்தீங்களா?" என்று மடக்கினேன்.

"பாத்தனுங்க. திருத்தம் அனுப்பறது எல்லாரும் படிக்கற எடம், அதான் எழுதுனவங்க பேரு போடலீங்க."

எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் பழைய பதிவைத் திறந்தேன். என் பெயர் இருந்தது.

அன்றே சோதித்துப் பார்த்து அந்த வரியை நீக்கினேன். இன்றும் யார் திருத்தத்தையும் எளிதில் நம்புவதில்லை. ஆனால் முதலில் சந்தேகப்படுவது என்னை.